சிறு டிராக்டருக்கு ஏற்ற டயரும் புல் அறுக்கும் கருவியும்

கிராம வாழ்வில் கால்நடைக்கு உள்ள இடத்தைப் பற்றி இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மாட்டுக்குத் தீவனம் வேண்டும். தீவனத்தை அறுத்துச் சேர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இன்று திருப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் கிடைத்தற்கரிய பொருளாகிவிட்டது. விடியற்காலையில் பனியன் கம்பெனி பஸ்கள் ஊர்தோறும் வந்து, அரிவாள் பிடிக்க வேண்டிய கைகளை ஏற்றிச் செல்கின்றன. நிழலில் அமர்ந்து வாரக் கூலி பெறும் வேலையை விட்டு, வெயிலில் சோளத்தட்டு அறுக்க எவரும் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் நம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதனால் ஏற்படும் ஆள் பற்றாக்குறைக்கு மாற்று வழி தேடுவதே அறிவுடைமை.

அந்த மாற்று வழிகளில் ஒன்றாகச் சிறு டிராக்டர் நம் தோட்டங்களில் புகுந்திருக்கிறது. பதினைந்து முதல் முப்பது குதிரைத்திறன் வரையுள்ள இவ்வகை டிராக்டர்கள் தென்னை வரிசைகளுக்கு இடையிலும், சிறு வயல்களிலும், வேலியோரங்களிலும் எளிதில் திரும்புகின்றன. ஆனால் டிராக்டரைப் பற்றி நூறு கேள்வி கேட்டு வாங்கும் குடியானவர், அதன் டயரைப் பற்றியும் பின்னால் பூட்டும் புல்வெட்டும் கருவியைப் பற்றியும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடைக்காரர் பூட்டிக் கொடுத்த டயரே டயர், பக்கத்துத் தோட்டத்தார் வாங்கிய கருவியே கருவி என்று இருந்துவிடுகிறார். இதனால் வரும் நஷ்டம் சிறிதன்று. அதை விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பிழையான யோசனை

இந்த நஷ்டத்தை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் யோசனையாலேயே ஒரு கிராமத்தார் அதை அனுபவித்தனர். சில ஆண்டுகளுக்கு முன் காங்கயம் பக்கத்தில் என் பொறுப்பிலிருந்த ஒரு கிராமத்து உழவர் குழுவினர், தங்கள் சிறு டிராக்டருக்குப் புல் அறுக்கும் கருவி எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டனர். உறுதியானது, விலை அடக்கமானது, பழுது குறைவு என்ற மூன்றையும் மனத்தில் கொண்டு, சுழல் கத்தியுள்ள சிலாஷரை வாங்குமாறு நான் சொன்னேன்.

மார்கழியில் அதைக் கொண்டு தீவனச் சோளத்தையும், வேலியிட்ட ஒரு கொழுக்கட்டைப்புல் காட்டையும் வெட்டினார்கள். வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஆனால் தட்டும் புல்லும் சிறு துண்டுகளாகச் சிதறி மண்ணோடு கலந்துவிட்டன. கட்டுக் கட்டவும் இயலவில்லை. போர் போடவும் இயலவில்லை. வாரிச் சேர்த்துக் கொடுத்ததை மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கின. புல்லை அறுக்கச் சொன்னால் அரைத்துப் போட்டுவிட்டீர்களே என்று முதியவர் ஒருவர் என்னைக் கேட்டார். அத்துடன் முடியவில்லை. சேற்று உழவுக்கென்று பூட்டியிருந்த உயரப் பட்டை டயர்கள், ஈரம் காயாத காட்டில் திரும்பிய இடமெல்லாம் புல்லின் வேரைப் பெயர்த்துவிட்டன. அடுத்த கோடையில் அந்த இடங்கள் வட்ட வட்டமாக வெறுந்தரையாகக் கிடந்தன. முன் சக்கரம் இரண்டு தடவை வேலமுள்ளில் பஞ்சரானதை அவர்கள் ஒரு பொருட்டாகச் சொல்லவில்லை. நானே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சிலாஷர் கெட்ட கருவியன்று. அந்த டயரும் கெட்ட டயரன்று. அந்த வேலைக்கும் அந்த மண்ணுக்கும் அவை பொருந்தவில்லை. புல்லைப் பார்த்துக் கத்தியையும், மண்ணைப் பார்த்துச் சக்கரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றேன்.

முதற் கேள்வி: அறுப்பது எதற்காக?

கருவி வாங்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். வெட்டியது மாட்டின் வாய்க்குப் போக வேண்டுமா, அல்லது மண்ணிலேயே கிடந்து மக்க வேண்டுமா? மாட்டுக்கு என்றால் தண்டு முழுசாக, மண் படாமல், ஒரே பக்கமாகச் சாய வேண்டும். மக்குவதற்கு என்றால் எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு நல்லது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கருவி செவ்வனே செய்வது அரிது. நம் பகுதியில் கிடைக்கும் கருவிகளை இக்கண் கொண்டு பார்ப்போம்.

முதலாவது, கத்தரிக்கோலைப் போல் முன்னும் பின்னும் ஓடும் கத்திப்பட்டை உள்ள அறுப்பான். ஒரு நீண்ட சட்டத்தில் முக்கோணக் கத்திகள் வரிசையாகத் தறையப்பட்டு, விரல் போன்ற காப்புகளுக்கிடையே ஓடும். தண்டை அடியில் ஒரே வெட்டாக வெட்டி, முழுசாகச் சாய்க்கும். தீவனச் சோளம், குதிரைமசால், கொழுக்கட்டைப்புல் ஆகியவற்றை மாட்டுக்கு அறுக்க இதுவே ஏற்றது. இதை ஓட்ட அதிகத் திறனும் வேண்டுவதில்லை. சிறு டிராக்டர் ஐந்தடிப் பட்டையையும் சிரமமின்றி இழுக்கும். கல்லுக்கு மட்டும் இது அஞ்சும். ஒரு கூழாங்கல் சிக்கினால் கத்தி முனை உடையும். ஆகவே அறுப்புக்கு முன் காட்டைச் சுற்றி வந்து கல் பொறுக்குவது இன்றியமையாதது. கத்தியை அடிக்கடி தீட்ட வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை வெட்டாமல் பிய்த்துவிடும். அவ்வாறு பிய்ந்த அடித்தூரில் மறுதாம்பு நன்றாகக் கிளைப்பதில்லை.

இதே இனத்தைச் சேர்ந்தது டிராக்டரின் முன்னால் பூட்டும் ரீப்பர். வெட்டிய பயிரை நிமிர்ந்த நிலையிலேயே ஒரு பக்கம் நகர்த்தி வரிசையாகக் கிடத்தும். முற்றிய சோளத்தட்டைக் கட்டுக் கட்டிப் போர் போடுவோருக்கு இது மிக வசதி. ஆனால் கம்பு நேப்பியர் புல்லின் தடித்த தூர்களை இவ்விரண்டும் நன்றாக அறுப்பதில்லை. அதற்குத் தோளில் மாட்டி இயக்கும் பிரஷ் கட்டரோ, கையரிவாளோதான் இன்னும் துணை.

இரண்டாவது, மேலே சொன்ன சிலாஷர். தடித்த இரும்புத் தகட்டுக் கூட்டின் அடியில் இரண்டு அல்லது மூன்று கத்திகள் ஆலவட்டம் போலச் சுழலும். இக்கத்திகள் அறுப்பதில்லை, வேகத்தால் அடித்து முறிக்கின்றன. முட்புதர், பார்த்தீனியம், விரல் பருமனுள்ள சீமைக்கருவேலக் கன்று ஆகியவற்றை அழிக்க இது நல்லது. கத்திகள் கீலில் ஆடும்படி அமைந்திருந்தால், கல்லிலோ மரக்கட்டையிலோ மோதும்போது பின்வாங்கிக்கொள்ளும். இத்துடன் கியர்பெட்டியைக் காப்பதற்கென்றே மெல்லிய போல்ட் ஒன்று இணைப்புத் தண்டில் இருக்கும். கருவி முட்டிக்கொண்டால் அந்த போல்ட் வெட்டுண்டு மற்ற உறுப்புகளைக் காப்பாற்றும். அது அறுந்துவிட்டதே என்று சலித்து, அதனிடத்தில் கடினமான போல்ட்டைப் பூட்டுவது, காவல்நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது போலாகும்.

மூன்றாவது, மல்ச்சர் எனப்படும் பொடியாக்கும் கருவி. படுக்கை வாட்டான உருளையில் பல சிறு கத்திகள் தொங்கும். உருளை சுழலும்போது அவை புல்லையும் சருகையும் பொடியாக்கித் தரையில் பரப்பும். சிலாஷரைவிட இது கல்லைத் தொலைவில் எறிவது குறைவு. ஆனால் அதே அகலத்துக்கு அதிகக் குதிரைத்திறன் கேட்கும். உடுமலை, மடத்துக்குளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் களையை வெட்டி மூடாக்காக இட விரும்புவோர் இதை நாடலாம். தென்னை மட்டையைப் பொடியாக்க வேண்டுமென்றால், அதற்கென்றே செய்த மட்டை துகளாக்கும் கருவிதான் வேண்டும். சாதாரணச் சிலாஷரை மட்டையின் மேல் ஏற்றிக் கத்தியை முறித்துக்கொண்டவர்கள் பலர்.

பூங்காப் புல்தரைக்கென்று செய்யப்படும் மெல்லிய கருவிகளும் சந்தையில் உண்டு. அவை மில் வளாகங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் உரியவை. நம் மேட்டாங்காட்டில் அவை ஒரு பருவமும் தாங்கா.

அகலமும் திறனும்

கருவி அகலமாக இருந்தால் வேலை விரைவாகும் என்பது உண்மை. ஆயினும் டிராக்டரின் சக்திக்கு மீறிய அகலம் எஞ்சினை மூச்சுத் திணற வைக்கும். டிராக்டரின் எஞ்சின் திறன் முழுவதும் பின்புறச் சுழல்தண்டுக்கு, அதாவது பி.டி.ஓ.வுக்கு, வந்து சேருவதில்லை. 20 குதிரைத்திறன் எஞ்சினில் ஏறத்தாழ 17 குதிரைத்திறன்தான் அங்கே கிடைக்கும். சிலாஷருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. இதன்படி 20 குதிரைத்திறன் டிராக்டருக்கு மூன்றரை அடியும், 25 குதிரைத்திறன் டிராக்டருக்கு நான்கடியும் போதுமானவை. மல்ச்சர் ஆனால் இதினும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபுறம், கருவியின் அகலம் டிராக்டரின் பின்சக்கரங்களின் வெளி விளிம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்திற்குக் குறையலாகாது. குறைந்தால் சக்கரம் நசுக்கிய புல் கத்திக்கு எட்டாமல் கோடு கோடாக நின்றுவிடும். ஆகவே வாங்குமுன் அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நலம்.

வேலையின் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கடி, அதாவது 1.2 மீட்டர் அகலமுள்ள கருவியுடன் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மணிக்கு 4,800 சதுர மீட்டர் ஆகும். திரும்புவதற்கும், முன் சென்ற தடத்தின்மேல் சிறிது ஏறிச் செல்வதற்கும் கால்பங்கு கழித்தால் 3,600 சதுர மீட்டர் மிஞ்சும். இது ஏறக்குறைய தொண்ணூறு சென்ட். நான்கு ஏக்கர் தோப்புக்கு நாலரை மணி நேரம் பிடிக்கும். ஆண்டில் எத்தனை மணி நேரம் நமக்கு வேலை இருக்கிறது என்பதை இக்கணக்கிலிருந்து அறியலாம். சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற முடிவுக்கு இதுவே வழிகாட்டி.

கருவி டிராக்டரோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று புள்ளி இணைப்பு என்ற இந்த ஏற்பாட்டை அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்கூசன் உருவாக்கினார். 1939-ஆம் ஆண்டில் போர்டு கம்பெனியின் டிராக்டரில் அது பெருமளவில் வந்தது. இன்று உலகெங்கும் அதுவே வழக்கு. சிறு டிராக்டர்களின் கீழ்க்கரங்களில் பொதுவாக 22 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும். பி.டி.ஓ. தண்டு 35 மில்லிமீட்டர் விட்டமும் ஆறு பல்லும் கொண்டது. அதன் நிலையான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கருவியும் அதே வேகத்துக்குச் செய்யப்பட்டதா என்று கேட்டறிக. கருவியின் எடையை டிராக்டரின் தூக்கும் திறனோடு ஒப்பிடும்போது, அத்திறன் இணைப்பு முனையில் அளந்ததா, அல்லது சிறிது பின்தள்ளி அளந்ததா என்பதையும் கேட்க வேண்டும். பின்தள்ளி அளந்த கணக்கே நம்பத்தக்கது. ஏனெனில் கருவியின் பாரம் பின்னால்தான் தொங்குகிறது. அப்பாரத்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்புமானால், முன்னே எடைக்கட்டி பூட்டாமல் ஓட்டலாகாது.

டயரின் எண்ணும் எழுத்தும்

இனி டயருக்கு வருவோம். தொடக்க காலத்து டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில் ஓடின. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனி காற்றடைத்த ரப்பர் டயருடன் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, இரும்புச் சக்கரம் விரைவில் மறைந்தது. நம் நாட்டில் மரச்சக்கர மாட்டுவண்டி டயர் வண்டியானபோது மாடுகளுக்குக் கிடைத்த இலகுவை முதியோர் நன்கறிவர். அதே இலகுதான் டிராக்டருக்கும் கிடைத்தது.

டயரின் பக்கவாட்டில் 8.3-20 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 8.3 அங்குலம், அது பொருந்தும் இரும்பு வளையத்தின் விட்டம் 20 அங்குலம் என்று பொருள். அதனை அடுத்து 6 பிளை, 8 பிளை என்று எழுதியிருப்பது அதன் உடல்வலிமையைக் குறிக்கும். அச்சின் அமைப்பை வைத்து டயர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

ஆர்-1 என்பது சாய்ந்த பட்டைகளைக் கொண்ட பொதுவான உழவு டயர். நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதும், செம்மண் காட்டிலும் கரிசலிலும் உழவுக்குப் பிடிப்புத் தருவதும் இதுவே. ஆர்-2 என்பது அதனினும் ஏறக்குறைய இருமடங்கு உயரமான பட்டையுள்ள சேற்று டயர். அமராவதிப் பாசனத்து நெல்வயலுக்கு இது தகும். புல்தரைக்கும் தார்ச்சாலைக்கும் தகாது. ஆர்-3 என்பது தாழ்ந்த, நெருங்கிய அச்சுள்ள புல்தரை டயர். புல்லின் வேருக்குத் தீங்கு செய்யாது; ஆனால் ஈர மண்ணில் வழுக்கும், உழவுக்கு உதவாது. ஆர்-4 என்பது தொழிற்சாலை வேலைக்கென்று செய்யப்பட்ட இடைப்பட்ட வகை. பட்டை அகலமாகவும் தாழ்வாகவும், பக்கச் சுவர் தடிப்பாகவும் இருக்கும். டிரெய்லர் இழுத்துச் சாலையில் அதிகம் ஓடுவோருக்கும், முள் மிகுந்த காட்டில் புல் வெட்டுவோருக்கும் ஏற்றது.

உழவும் புல்வெட்டும் ஆகிய இரண்டையும் ஒரே டிராக்டரில் செய்யும் பெரும்பான்மையோருக்கு ஆர்-1 போதும். புல்தரைக்குள் போகும்போது மூன்று ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் அதுவே தீங்கின்றிச் செல்லும். ஈரம் உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஓரத்தில் சட்டென்று ஒடித்துத் திருப்பாமல் அகல வளைத்துத் திருப்ப வேண்டும். ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் போகலாகாது.

டயரை மாட்டும்போது பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்ட வேண்டும். பட்டைகள் கூடும் நடுமுனை முதலில் மண்ணைத் தொட்டால்தான் சேறு இரு பக்கமும் வழிந்து வெளியேறும். தலைகீழாக மாட்டினால் சேறு நடுவில் அப்பிக்கொள்ளும், பிடிப்பும் போய்விடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருப்போர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள சுற்றளவு விகிதத்தை ஒட்டியே அதன் கியர்கள் அமைக்கப்பட்டுள்ளன. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஜோடியை மட்டும் வேறு அளவில் மாற்றினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துப் போராடும். டயர் தேய்வதோடு கியர்பெட்டியும் கெடும். கெட்டியான சாலையில் போகும்போது நான்கு சக்கர இழுவையை விலக்கிவிட வேண்டும்.

காற்று, தண்ணீர், முள்

டயரில் உள்ள காற்றின் அழுத்தம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு அழுத்தத்தையே டயர் மண்ணின்மேல் செலுத்துகிறது. ஆகவே காற்றைக் கெட்டியாக அடித்துக்கொண்டு புல்தரையில் ஓடுவது மண்ணை இறுக்கும். தளர விட்டுச் சாலையில் பாரம் இழுத்தால் டயரின் பக்கச் சுவர் வெடிக்கும். சிறு டிராக்டரின் பின்சக்கரத்துக்கு வயலில் பொதுவாக 12 முதல் 20 பவுண்டு வரையில் காற்று வைப்பது வழக்கம். எனினும் டயர் கம்பெனியார் அந்த அளவுக்கும் பாரத்துக்கும் என்று கொடுத்துள்ள பட்டியலே பிரமாணம். பஞ்சர் கடைக்காரரின் கைத்தட்டலை நம்பாமல், காற்றளக்கும் மானி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது நலம்.

உழவின்போது பிடிப்புக்காகப் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. கடின உழவுக்கு அது வேண்டியதே. புல் வெட்டுவதற்கு அத்தனை இழுவை தேவையில்லை. வீண் பாரம் வேரை நசுக்கும், டீசலையும் தின்னும். புல்வெட்டு நாள் அதிகமாக உள்ளவர்கள், தண்ணீருக்குப் பதிலாகக் கழற்றி மாட்டத்தக்க இரும்பு எடைகளை வைத்துக்கொள்ளலாம்.

கொங்கு நாட்டுக் காடுகளில் டயருக்குப் பகை வெள்வேலமுள்ளும் சீமைக்கருவேலமுள்ளும் ஆகும். பின் டயரின் தடிப்பு அதை ஓரளவு தாங்கும். மெல்லிய முன் டயர்தான் பலியாகிறது. ஆகவே முன் டயரை 8 பிளையாக வாங்குவதும், ட்யூபினுள் பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றிவைப்பதும் செலவை மிச்சப்படுத்தும். வெட்டிய முட்கிளைகளை வழித்தடத்தில் போடாமல் ஓரத்தில் குவிப்பதற்குச் செலவே இல்லை.

முள்ளைப் போலவே நம் மாவட்டத்துக்கு உரிய மற்றொரு பகை பனியன் துணிக்கழிவு. சாலையோரத்து நிலங்களில் பறந்து கிடக்கும் நூலும் துணிக்கீற்றும் பிளாஸ்டிக் பையும், சுழலும் தண்டில் சுற்றி இறுகி எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீலை அறுத்துவிடும். எண்ணெய் வற்றிய கியர்பெட்டி அப்பருவத்திலேயே கெடும். ஆதலால் அத்தகைய நிலத்தில் ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்டைச் சோதிக்க வேண்டும்.

கொறங்காட்டுக்குத் தனி முறை

காங்கயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காடுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மழை குறைந்த, சரளை மிகுந்த மேட்டு நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக வைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லையும் வெள்வேல மரத்தையும் காத்து, பட்டி பட்டியாகப் பிரித்து முறைவைத்து மேய்ப்பது நம் முன்னோர் கண்ட முறை. பஞ்ச காலத்தில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் மாட்டையும் ஆட்டையும் காக்கும். காங்கயம் மாட்டினத்தின் உறுதிக்கு இந்த மேய்ச்சல் நிலம் ஒரு காரணம். அவ்வினத்தைப் பேணி வளர்த்ததில் பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு உள்ள பெருமையை நாடறியும்.

இத்தகைய காட்டை அறுக்கும் யந்திரம் மாடேயாகும். ஆண்டுதோறும் டிராக்டரைவிட்டு ஒட்ட வெட்டுவது கொறங்காட்டுக்கு நன்மை செய்யாது. கொழுக்கட்டைப்புல் விதை முற்றி உதிரும் முன் வெட்டினால், வெறும் இடங்களில் புதுப்புல் முளைக்க விதை இராது. கன்றாக நிற்கும் வெள்வேலத்தையும் சிலாஷர் களையோடு களையாக அழித்துவிடும். ஆகவே கொறங்காட்டில் டிராக்டரின் வேலை இரண்டே. மாடு தின்னாத பார்த்தீனியத்தையும் சீமைக்கருவேலக் கன்றையும் அவை பூத்துக் காய்க்கும் முன் இடமறிந்து வெட்டுவது ஒன்று. சீமைக்கருவேலம் வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும். வேரோடு தோண்டினாலன்றி ஒழியாது என்பதையும் மறக்கலாகாது. புல் மிகுந்து கிடக்கும் நல்ல ஆண்டில், விதை உதிர்ந்த பின், ஒரு பகுதியை மட்டும் கத்திப்பட்டை அறுப்பானால் ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துப் போர் போடுவது மற்றொன்று. முன்பு நான் சொன்ன கிராமத்தில் இந்த இரண்டு விதிகளையும் மீறினோம். வெறுந்தரையான வட்டங்களில் புல் மீண்டும் பரவுவதற்கு, விதை தூவி, மேய்ச்சலை நிறுத்தி, இரண்டு மழைக்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உயிருக்கு உத்தரவாதம்

சிலாஷரின் கத்தி எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதைக் கணக்கிட்டால் அச்சம் தோன்றும். 540 சுற்றைக் கியர்பெட்டி உயர்த்தி 1,000 சுற்றாக்குகிறது என்று கொள்வோம். கத்தியின் வட்டம் 1.2 மீட்டரானால், அதன் முனை மணிக்குச் சுமார் 226 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் அடிபட்ட கல் கவண்கல்லினும் கொடியது. முன்னும் பின்னும் சங்கிலித் திரை இல்லாத கருவியை வாங்க வேண்டாம். வேலை நடக்கும் காட்டில் சிறுவர்களையும், புல் பொறுக்க வரும் பெண்களையும் அனுமதிக்க வேண்டாம்.

டிராக்டருக்கும் கருவிக்கும் இடையே சுழலும் தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்க வேண்டும். வேட்டி நுனியோ, தலைத்துண்டோ, சேலை முந்தானையோ அதில் சிக்கினால் மனிதனையே இழுத்துச் சுற்றிவிடும், கத்தக்கூட நேரமிராது. அடைப்பு எடுக்கவும் போல்ட் மாற்றவும் முதலில் எஞ்சினை நிறுத்தி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, கத்தி முழுவதும் நின்ற பிறகே கீழே குனிய வேண்டும். தூக்கிய கருவியின் அடியில் கட்டையை முட்டுக் கொடுக்காமல் கை நீட்டலாகாது.

கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் நம் தோட்டங்களில் இன்னும் உண்டு. கிணற்றைச் சுற்றிப் புல் வளர்ந்து விளிம்பு மறைந்திருக்கும் இடத்தில் டிராக்டர் போகவே கூடாது. அந்த நாலு முழத்தை அரிவாளால் அறுப்பதே முறை. சொட்டுநீர்க் குழாய் போட்ட தோப்பில், வெட்டுமுன் குழாய்களை மரத்தடிக்கு ஒதுக்கிவைக்காவிட்டால் ஒரே சுற்றில் அவை துண்டு துண்டாகும்.

கூட்டாக வாங்குதல்

இத்தனை கருவிகளையும் ஒவ்வொரு குடியானவரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இயலாத காரியம், தேவையும் அன்று. ஒரு கிராமத்தில் ஒருவரிடம் அறுப்பானும் மற்றொருவரிடம் சிலாஷரும் இருந்து, முறைவைத்து மாற்றிக்கொண்டால் ஊருக்கே போதும். வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளைக் குறைந்த வாடகைக்கு அளிக்கிறது. 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் விதிகளின்படி, சிறு குறு உழவர், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குக் கருவியின் விலையில் 50 விழுக்காடு வரையும், ஏனையோருக்கு 40 விழுக்காடு வரையும், கருவிக்குரிய உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. வாங்குமுன் நடப்பு விதிகளைத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ, ‘உழவன்’ செயலியிலோ அறிந்துகொள்ள வேண்டும். வாங்கிய பின் மானியம் கேட்பது பலனளிக்காது.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்திலுள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. திறன், தூக்கும் திறன், டயர் அளவு முதலியன அதில் காணப்படும். விற்பனையாளரிடம் அவ்வறிக்கையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம். மற்றும், கருவியை விலை பேசுமுன் நம் நிலத்திலேயே அரை ஏக்கர் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வெட்டிய புல்லை ஒரு கை அள்ளி நம் மாட்டுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தீவனக் கருவிக்கு மாட்டைவிடச் சிறந்த பரிசோதகர் இல்லை என்பதை நான் காலம் தாழ்ந்தே அறிந்தேன்.

முடிவுரை

ஆட்கள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்பதற்காகத் தோட்டத்தைத் தரிசாகப் போட்டு, மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவது எளிது. பலர் அவ்வாறே செய்துவருகின்றனர். பட்டியில் நிற்கும் நாலு மாடும், அவற்றுக்குரிய நாலு ஏக்கர் புல்லும் நிலைக்க வேண்டுமானால், கிடைத்த யந்திரத்தை அறிந்து பயன்படுத்துவதே வழி. எதை வெட்டுகிறோம், எதற்காக வெட்டுகிறோம், எந்த மண்ணில் ஓட்டுகிறோம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு கடைக்குப் போகும் குடியானவர் ஏமாறுவதில்லை. அவ்விடைகள் கடையில் கிடைப்பவை அல்ல. அவர் காட்டிலேயே இருக்கின்றன. ஆகவே இந்தப் பருவத்தில் கருவி வாங்க எண்ணியிருப்போர், முதலில் ஒரு மாலை நேரம் தம் காட்டைச் சுற்றி நடந்து, கல்லையும் முள்ளையும் புல்லையும் பார்த்து வருவார்களாக.